வீட்டோடை வரச்சொன்ன புயல்

வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில், கடலை முட்டிக்கொண்டிருக்கும் எங்கள் குறிச்சியில் வந்து அழைத்துச் சொல்லாமல் ஒருவரும் ஓரிடத்துக்கும் போகமாட்டார்கள். சோறில்லாமல் இருப்போம், மரியாதையில்லாமல் இருக்கமாட்டோம். வறட்டு ரோசம், வேறொன்றுமில்லை. கலியாணமோ சாமத்தியச் சடங்கோ, வீடு வீடாகப் போய் முறைப்படி சொல்ல வேண்டும். அதற்கு எல்லாருக்கும் தங்கமுத்து வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் போவது, யாருக்கு இரண்டு தரம் சொல்வது, எந்த மாமாவுக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டாவிட்டால் முகம் கோணும், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவள் சொந்தத் தங்கைக்குச் சொல்வதில் பிழை விட்டாள். மகளின் கலியாணத்துக்கு, கூடப் பிறந்தவள்தானே என்று, போகிற போக்கில் வேலிக்கு மேலாலே சொல்லிவிட்டாள். ஞானாம்பிகை வரவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றது.

பழைய ஊர் அதிகாரிகளான விதானைமாரை நிறுத்திக் கிராம சேவகர்களை வைத்த புதிதில் ஒரு மார்கழி. புயல் வருகிறது என்று அரசாங்க அதிபரின் கச்சேரிக்குத் தந்தி வந்தது. கச்சேரி காரியாதிகாரிக்குச் சொன்னது. காரியாதிகாரி எல்லா இலாகாக்களுக்கும் சொன்னார். அரசாங்கம், ஊர்வாயில் கவுண்மேந்து, அன்றைக்கு நம்ப முடியாத ஒற்றுமையோடு வேலை செய்தது. கூட்டுறவுச் சங்கக்கடை அரிசி பருப்பை இறக்கியது. பள்ளிக்கூடப் பூட்டின் திறப்பு கேட்டவுடனே கிடைத்தது. சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கு மருந்து போட்டார். பொலிஸ் ஜீப் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று தெருத்தெருவாகக் கத்தியது.

பள்ளிக்கூடத்தில் நாலு உத்தியோகத்தரும் ஒரு நாயும் நின்றார்கள். சனத்தைக் காணவில்லை.

கிராம சேவகர் தில்லைநாதன் தோட்டப்பக்கத்துச் சண்டிலிப்பாய்க்காரர். புகையிலை தெரியும், கடற்கரைச் சனத்தைத் தெரியாது. மழையில் நனைந்தபடி தங்கமுத்துவிடம் ஓடி வந்தார்.

"தங்கமுத்தக்கா, கடல் ஏறுது. ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

"ரோட்டிலை நிண்டு கத்தினா ஆர் வருவினம்? நாங்கள் என்ன மாடே? வீட்டை வந்தெல்லோ சொல்லவேணும்!"

"இது கலியாணமில்லையக்கா, புயல்!"

"எதெண்டாலும் முறை எண்டு ஒண்டு இருக்குத் தம்பி."

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? புறப்பட்டார்கள். முன்னே தங்கமுத்து, அவளுக்குக் குடை பிடித்தபடி தில்லைநாதன், பின்னே சந்தனக் கிண்ணத்தோடு சுகாதாரப் பரிசோதகர், கடைசியில் வெற்றிலைத் தட்டத்தோடு பொலிஸ் சார்ஜன்ட்.

"ஒராளுக்கோ, வீட்டோடையோ?" என்று முதல் வீட்டுக் கந்தப்பர் வாசலை மறித்து நின்று கேட்டார்.

"வீட்டோடை ஐயா, குடும்பமா எல்லாரும்!" என்றார் சார்ஜன்ட்.

கந்தப்பர் சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு சால்வையைத் தேடப் போனார். அடுத்த வீட்டு மகாதேவி கூறைச் சேலை கட்டி வந்தாள். பள்ளிக்கூடம் நிரம்பத் தொடங்கியது.

கடற்கரையோரக் கடைசி வீடு ஞானாம்பிகையுடையது. தங்கமுத்துவின் கால் ஒழுங்கை முனையிலேயே நின்றுவிட்டது.

"அங்கை நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

மூவரும் போன வேகத்தில் திரும்பினார்கள். "வரமாட்டாவாம். சொல்லவேண்டிய ஆள் வந்து சொல்லட்டாம்," என்றார் தில்லைநாதன். "முற்றத்திலை கடல் தண்ணி நிக்குது அக்கா. வீட்டுக்காரரும் கப்பலிலையாம்."

இந்தத் தலைக்கனம் பிடித்தவள் அப்படியே இருந்து செத்தும் விடுவாள் என்று தங்கமுத்துவுக்குத் தெரியும். ரோசம் இருவருக்கும் ஒரே தாய் கொடுத்ததுதானே. குடையை விட்டுவிட்டு ஓடினாள்.

ஞானாம்பிகை மேசைக்கு மேலே, மடியில் ஒரு கோழியோடு இருந்தாள். கீழே முழங்காலளவு தண்ணீர்.

"ஞானம், பள்ளிக்கூடத்துக்கு வாடி!"

"வாசலிலை நிண்டோ சொல்லுறாய்? உள்ளுக்கு வந்து இருந்து சொல்லு."

தங்கமுத்து தண்ணீரை உழக்கிக்கொண்டு போய் மேசையில் ஏறிப் பக்கத்தில் இருந்தாள். மேசை கிறீச்சிட்டது.

"கவுண்மேந்து சொல்லி வந்தனியோ, நீயா வந்தனியோ?"

"கவுண்மேந்துக்கு உன்னைத் தெரியுமே? நான்தான் சொல்லுறன். வீட்டோடை வா. கோழியோடையும் வா." தங்கையின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "அண்டைக்கு நான் செய்தது பிழைதான். நீ இல்லாமல் அந்தக் கலியாணச் சோறு எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்கேல்லையடி."

ஞானாம்பிகை மூக்கைச் சிந்தினாள். "இதைச் சொல்ல உனக்குக் கடல் வரவேண்டிக் கிடந்ததே?"

இருவரும் அழுது முடிக்கும்வரை கடல் பொறுத்துக்கொண்டது. பின்னேரம் அந்த வீட்டுக் கூரையைக் காணவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதற்குள் பந்தி வைத்துவிட்டார்கள். அழைத்தவர்கள் கடைசிப் பந்தியில்தான் இருக்க வேண்டும் என்பது முறை. தங்கமுத்து முதல் பந்தியில், தங்கைக்குப் பக்கத்தில் சம்மணம் கொட்டி இருந்தாள்.

"என்ன தங்கமுத்து, சொன்ன ஆக்கள் முதல் பந்தியிலையோ?" என்று கந்தப்பர் எதிர்வரிசையிலிருந்து குத்தினார்.

"சொன்னது கவுண்மேந்து. நான் தங்கச்சியோடை வந்த ஆள்," என்றவள், ஞானாம்பிகையின் இலையிலிருந்த அப்பளத்தில் பாதியை முறித்து எடுத்தாள்.