ஹந்தானைப் பாதையில் ஒரு மூட்டை

கண்டியில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்துக் கிளம்பியபோது, வாத்தியார் எனக்கு ஓர் ஆலோசனை சொன்னார். தினமும் காலையில் தனியாக உட்கார்ந்து, நான் யார் என்று கேட்டு, கிடைக்கும் பதிலை எழுதி வைக்க வேண்டும். அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு வாத்தியாராக என்னை எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அதுவரை ஹந்தானையில், அப்பாவும் அம்மாவும் வேலை செய்த கோப்பித் தோட்டத்து லயத்தில் தங்க வந்தேன்.

வரிசையாகக் கட்டிய கூலி அறைகள்தான் லயம்; எங்கள் அறையில் நாங்கள் ஏழு பேர். தனியாக உட்காரப் பின்னாலிருந்த பாறைக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் மூன்று அட்டைகள் கடித்தன. பதில் வரவில்லை. எட்டு நாள் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் நாள் கங்காணி அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம் மகன் அந்தப் பாறையில என்னா பண்றான்?"

"யோசிக்கிறானுங்க."

"எதப் பத்தி?"

"அவனப் பத்தித்தானுங்க."

"அம்புட்டு நேரம் யோசிக்க அவன்ட்ட என்னா இருக்கு?"

அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பதில் இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேன்.

கோப்பிப் பழம் எடுக்கும் காலம், ஆள் போதவில்லை. லயத்தில் படுக்கிறவன் வேலைக்கு வர வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும் என்றார் கங்காணி. அப்பா கும்பிட்டபடி நின்றார். நான் தோட்ட வேலைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அவர் என்னைப் படிக்க வைத்ததே. கடைசியில் கங்காணி ஒரு வழி சொன்னார். காய்ந்த கோப்பி மூட்டை ஒன்றை ஸ்டோரிலிருந்து, மாட்டு வண்டிகள் வந்து நிற்கும் கரத்தை ரோட்டு வரைக்கும் நான் தலையில் கொண்டுபோக வேண்டும். வழியில் இறக்காமல் போய்ச் சேர்ந்தால் இரண்டு மாதமும் பாறை எனக்கு. இறக்கினால் மறுநாளே களை வெட்டு.

இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிச் சும்மாட்டின் மேல் வைத்தார்கள். முதல் வளைவு வரைக்கும் நன்றாகவே நடந்தேன். இரண்டாவது வளைவில் கழுத்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஓடையைத் தாண்டியதும் இருந்த சின்ன ஏற்றத்தில் இறக்கிவிட்டேன். இறக்கினேன் என்பதைவிட, அது இறங்கியது, நானும் கூடவே போனேன் என்பது சரி.

இரண்டு பேர் ஏற்றிவிட்ட மூட்டையை ஒருவன் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. முன்னால் மூட்டைகளோடு நடந்தவர்கள் போய்விட்டார்கள். பின்னால் யாரும் வரவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாறையில் எட்டு நாளாகக் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது. நான் யார் என்று கேட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் லயத்துப் பையன். லயத்தில் படித்த பையன். அந்த ஏற்றத்தில் இரண்டும் உதவவில்லை. கீழே போட்டவன் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து, எங்கள் லயத்துக் கடைசி அறை அக்கா, ரோட்டில் வேலை செய்த புருஷனுக்குச் சோறு கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"என்னா தம்பி, மூட்டைக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறியா?"

"தூக்க முடியலக்கா. இன்னொரு ஆளும் வரணும்."

"இந்தப் பக்கம் ஆளு பொழுது சாயத்தான் வரும். அந்தத் திட்டு எதுக்கு இருக்கு?"

பாதையோரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மண்திட்டு இருந்தது. அதில் சாய்ந்துகொண்டுதான் நான் இவ்வளவு நேரமும் யோசித்திருந்தேன். மூட்டையை இருவருமாக உருட்டி அதன் மேல் ஏற்றினோம். நான் கீழே குந்தித் தலையைக் கொடுத்தேன். அவள் தள்ளிவிட்டு, எழும் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கங்காணி கேட்டா எறக்கலன்னு சொல்லு. நான் ஒண்ணையும் பாக்கல."

மீதி வழி முழுக்க அந்தப் பொய்யைச் சொல்லிப் பழகினேன். நன்றாகவே வந்தது.

சாயங்காலம் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் கூடி நின்ற பெரட்டுக் களத்தில் கங்காணி கேட்டார்.

"எறக்குனியா?"

"எறக்குனேன். இந்த அக்காதான் தூக்கிவிட்டாங்க."

இறக்கவில்லை என்று சொன்னால், அந்த ஏற்றத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டதும் இல்லை என்று ஆகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. இதில் யோசிக்காமல் விட்டது, அவள் எனக்கு முன்பே கங்காணியிடம் பேசியிருப்பாள் என்பதை.

"ஏத்தா, நிக்காமப் போனான், நானே பாத்தேன்னு இப்பத்தானே சொன்ன?" என்றார் கங்காணி அவளிடம்.

களமே சிரித்தது. அப்பா தரையைப் பார்த்தார்.

"தூக்கிவிட்ட நான் பொய்க்காரியா?" என்றாள் அவள் என்னைப் பார்த்து. "படிச்சு என்னாத்தக் கிழிச்ச?"

மறுநாள் விடியற்காலையில் களை வெட்டும் ஆட்களோடு என்னை அனுப்பினார்கள். அவளுடைய நிரைக்கு அடுத்த நிரை எனக்கு. மத்தியானம் வரைக்கும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வெட்டினாள். புதிதாக நட்டிருந்த கோப்பிக் கன்று ஒன்றை நான் களை என்று நினைத்து வெட்டிய பிறகுதான் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.