அறுபது டிகிரி

அந்தப் பெட்டியை என் மைத்துனன் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் மல்லிகை, நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு அலுமினியப் பெட்டி. என் மகள் பொறியியல் முடித்து வேலையில் சேர்ந்திருந்த மாதம் அது. தாய்மாமன் சீர் என்றால் தோடோ பட்டோ வரும் என்று எதிர்பார்த்திருந்த என் மனைவி, தாம்பாளத்தைக் கையில் வாங்கியபடியே தம்பியைக் கேட்டாள்: "ஏன்டா, இதை அவ காதுல போடவா, கழுத்துல போடவா?"

"கார்ல போடணும்க்கா" என்றான் அவன்.

மகள் பெட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பட்டுப்புடவைக்கு அவள் அப்படி ஆகியிருக்க மாட்டாள்.

அது இ.சி.யு. இன்ஜினின் மூளை என்று சொல்லலாம். எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி விடுவது என்பதையெல்லாம் முடிவு செய்யும் சின்னக் கணினி. எங்களிடம் இருபது வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. நான் வாங்கிய முதல் கார், அதை விற்க மனம் வராமல் வைத்திருந்தேன். அதில் சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்பது மாமனும் மருமகளும் வெகுகாலமாகப் போட்டிருந்த திட்டம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் பொறி அது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், தீப்பொறியின் நேரமும் மாற வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் இன்ஜின் உள்ளுக்குள்ளேயே வெடித்து உடையும். ஆகவே எந்த மூளை என்பதுதான் மூன்று மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு.

மைத்துனனுக்கு ஆனையூரில் ஒரு ஷெட் இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்தவன். வண்டியைப் பற்றிப் பேசும்போது வீட்டு மனிதர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவான். காரோடு வந்த பழைய யூனிட்டையே வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். "அது காத்தை அமுக்கி அனுப்புறதைப் பாத்ததே இல்ல மச்சான். திடீர்னு காத்து கூடுனா முழிச்சுக்கிட்டு நிக்கும்." பழையதன்மேல் இன்னொரு சின்னப் பெட்டியைப் பூட்டி ஏமாற்றும் முறை ஒன்றும் இருந்தது. அதற்கும் அவன் உதட்டைப் பிதுக்கினான். "அதுகிட்ட பொய் சொல்லிக்கிட்டே இருக்கணும். பொய் சொல்லி எம்புட்டு நாளு குடும்பம் நடத்துறது?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பழையதைக் கழற்றிவிட்டு முழுதாகப் புதியது ஒன்றைப் போடுவது என்று முடிவாயிற்று.

புதியதில் எது என்று வந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியன். அவர்கள் இருவரும் எது வேகமாகக் கணக்குப் போடும் என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் இரண்டு யூனிட்டுகளின் கையேடுகளையும் அச்செடுத்து, பாதுகாப்பு என்று வருகிற இடத்தில் எல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டேன். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் நிறுத்தும், தண்ணீர் சூடானால் நிறுத்தும், உள்ளே போகும் காற்று சூடானாலும் நிறுத்தும் என்று எதில் பட்டியல் நீளமாக இருந்ததோ அதைத்தான் வாங்க வேண்டும் என்றேன். மகளுக்குப் பிடித்தது மற்றது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். தாம்பாளத்தில் வந்தது நான் தேர்ந்தெடுத்த பெட்டிதான்.

பூட்டி முடித்த பிறகு, மகள் அலுவலகம் போயிருந்த ஒரு நாள், மைத்துனன் என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னான். மடிக்கணினியைத் திறந்து, காற்றின் சூடு எவ்வளவு போனால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டத்தைக் காட்டினான். "எம்புட்டு வைக்கலாம்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு பாத்தேன்" என்றான். மரியாதைக்குக் கேட்டான். அவனுக்குத் தெரியாததா?

நான் அறுபது டிகிரி என்றேன். அறுபதைத் தொட்டால் பெட்ரோலை நிறுத்திவிட வேண்டும்.

அவன் தலையைச் சொறிந்தான். "மச்சான், மே மாசத்துல நம்ம பேரையூர்ப் பக்கம் சும்மா உருட்டுனாலே அம்பது காட்டும். எழுபதுக்குக் கிட்ட வைப்போம். அதுலயும் பட்டுன்னு நிறுத்த வேணாம். கொஞ்சங் கொஞ்சமா சக்தியக் குறைக்கச் சொல்லுவோம்."

"குறைக்கிற கதையெல்லாம் வேணாம் மாப்ள. நிறுத்திரணும். சூடாகாம மெதுவா ஓட்டட்டும்."

சூடான காற்று இன்ஜினுக்கு என்ன செய்யும் என்று அவனுக்கே ஒரு பாடம் நடத்தினேன். ஆனால் அன்று என் மனதில் இன்ஜின் இல்லை. மகள் வேகமாக ஓட்டுவாள் என்ற பயம் இருந்தது. அவளிடம் சொன்னால் கேட்க மாட்டாள். பெட்டியிடம் சொல்லி வைத்தால் அவளுக்குத் தெரியாமலே அவளைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் தேர்வின் பின்னால் இருந்த அறிவியல்.

வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவன் செய்திருக்க மாட்டான். தவறான அளவு வைக்கச் சொல்லி அடம்பிடித்த ஒரு பெரிய புள்ளியை, "வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போங்க சார்" என்று வாசலோடு அனுப்பியவன். நான் அவனுடைய அக்கா வீட்டுக்காரன். என் முன்னால் இன்றும் உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். என் வார்த்தைக்கு எதிர்வார்த்தை பேசி அவனுக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டத்தில் அறுபது என்று அடித்தான்.

எந்த வண்டி எடுத்தாலும் முதலில் எழுமலையில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்குத்தான் போகும். மனைவி பொங்கல் சாமான்களோடு முன்னதாகவே பேருந்தில் போய்விட்டாள். மகள் ஓட்ட, பக்கத்தில் மைத்துனன் மடியில் கணினியோடு உட்கார, நான் பின்னால் இருந்தேன். உசிலம்பட்டி வரை அவன் அவளை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லி எதையோ திருத்திக்கொண்டே வந்தான். "அப்படியே பிடி பாப்பா, அப்படியே பிடி... இப்ப விடு." சூப்பர்சார்ஜர் மெல்லிய ஊளைச் சத்தம் போட்டது. அவள் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உசிலம்பட்டி தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. இரண்டு பக்கமும் பிதுங்கி, சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பதினோரு மணி வெயிலில் அதன் பின்னாலேயே வெகுநேரம் ஊர்ந்தோம். அப்போதே பானெட்டுக்குள் எல்லாம் கொதித்திருக்க வேண்டும். சாலை நேராகி, எதிரில் யாரும் இல்லை என்றானதும் அவள் வலது பக்கம் எடுத்து மிதித்தாள். கார் பாய்ந்தது. லாரியின் பாதி நீளம் தாண்டியிருப்போம். தொலைவில் ஒரு பேருந்து தெரிந்தது. தாண்ட நேரம் இருந்தது. அப்போது இன்ஜின் நின்றது.

இருமல் இல்லை, உதறல் இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி. மகள் மிதிக்கிறாள், மிதிக்கிறாள், ஒன்றும் இல்லை. லாரிக்குப் பின்னால் திரும்பி ஒதுங்கலாம் என்றால் அங்கே ஒரு வேன் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பேருந்தின் ஹார்ன் விடாமல் அலறியது. அவள் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். கார் சாலையை விட்டு இறங்கி, காய்ந்த வாய்க்காலில் குதித்து, கருவேலம் புதரில் மோதி நின்றது. பேருந்தின் காற்று எங்களை ஆட்டிவிட்டுப் போனது.

மைத்துனனின் புருவம் கணினியின் விளிம்பில் கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் முதலில் அவளைத் தொட்டுப் பார்த்தான். "நல்லா ஒடிச்ச பாப்பா. நல்லா ஒடிச்ச." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், ஒண்ணுமில்லைல்ல?" திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் 61 என்று நின்றது. நானும் பார்த்தேன். அவன் கணினியை மூடினான்.

தையல் போட்ட ஆஸ்பத்திரிக்கு என் மனைவி ஓடிவந்தாள். மகளை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "எம் புள்ளைய என்னடா செஞ்ச?"

"செட்டிங்கைத் தப்பா வச்சுட்டேன்க்கா. என் தப்புதான்" என்றான். என் பக்கம் அவன் கண் வரவே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்வது இன்னும் கடினமாயிற்று. மனைவி தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். அவனும் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகள் பேருந்தில் வேலைக்குப் போனாள். புதரிலிருந்து எடுத்துவந்த கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. "மாமா கைவச்சா எனக்கு யோசிக்கவே தோணாதுப்பா. அவரே இப்படிப் பண்ணிட்டாரே" என்று ஒருநாள் சொன்னாள். நான் விடைத்தாள் திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன். இரவில் கண்ணை மூடினால் அந்த ஹார்ன் கேட்டது. இன்றும் கேட்கிறது.

ஆவணியில் மகளுக்கு நிச்சயம் என்று ஆனது. மனைவி மேசையில் உட்கார்ந்து யார் யாரை அழைப்பது என்று எழுதிக்கொண்டிருந்தாள். "தாய்மாமன் மாலைக்கு எங்க பெரியப்பா மகனைக் கூப்பிட்டுக்கிருவோம். இவன் வர வேணாம்" என்றாள், எழுதுவதை நிறுத்தாமல். சொல்லும்போது குரல் உடைந்தது.

"அந்த அறுபது நான் சொன்னது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஷெட்டில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எங்கள் குரல் கேட்டு மகளும் அறைவாசலில் வந்து நின்றாள். மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நான் அவனைக் கேக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?"

"உன் பக்கத்துலதான்."

மனைவி பட்டியலைத் தள்ளி வைத்தாள். போனை எடுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது: "ஏன்டா, அவரு சொன்னா செஞ்சிருவியா? உனக்குப் புத்தி எங்கடா போச்சு? அக்கா வாய்க்கு வந்தபடி பேசுறேன், புடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி நிக்கிற! ... அழுகாத. நாளைக்குக் காலையில சாப்பிட வா. அவரா? இங்கதான் நிக்கிறாரு, எங்க போவாரு."

மறுநாள் வந்தான். புருவத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்ததும், "இட்லி ஆறுது மச்சான்" என்று தட்டை நகர்த்தினான். மகள்தான் விடவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல மாமா."

"எம்மேல கோவம்னா நாலு மாசத்துல ஆறிரும் பாப்பா. உங்க அப்பா மேலன்னா ஒரே வீட்டுக்குள்ள எப்படி இருப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். "அறுபது! நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருப்பா" என்றாள். அதன்பின் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோதும் பழைய மாதிரி இல்லை, ஒரு அளவோடு பேசினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனும் மருமகளும் தார்ப்பாயை எடுத்தார்கள். மடிக்கணினியை அவளே மடியில் வைத்துக்கொண்டு, எல்லா எண்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஏன் ஏன் என்று கேட்டு, தானே அடித்தாள். இருவருக்கும் நடுவில் சண்டைகூட வந்தது. நான் அருகில் போகவில்லை. இன்ஜின் உறுமியதும் மைத்துனன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "மச்சான், நீங்களும் வாரீகளா?"

மகள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வர வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

தெருமுனை திரும்பும்வரை அந்த ஊளைச் சத்தம் கேட்டது. பிறகு ஆட்டோக்களின் இரைச்சல்தான். "கேட்டைச் சாத்திட்டு உள்ள வாங்க, வெயில் ஏறுது" என்று மனைவி உள்ளிருந்து கூப்பிட்டாள். நான் சாத்தவில்லை. அவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போன் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை.