மலர விடாத தோட்டம்

மகன் காரில் மல்லிகை வாசனை பாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறான். கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்போது ஏசி காற்றோடு அது மூக்கில் ஏறி எனக்குக் குமட்டுகிறது. நான் சிறுமியாக இருந்தபோது இந்தப் பக்கம் இருந்த எங்கள் மல்லித் தோட்டம் இப்படி மணந்தது ஒரே ஒரு சாயங்காலம்தான். மார்கழியில் கிளைகளை வெட்டிவிட்டால் மாசியில் அரும்பு வரும். அதிலிருந்து ஆடி வரை, விடியும் முன்பே அம்மாவும் நானும் செடிக்குச் செடி குனிந்து, நகக்கண் எரிய, வாய் திறக்காத அரும்பாகப் பார்த்துக் கிள்ளிக் கூடையில் போட, அப்பா அதைப் பட்டணம் போகும் ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

"ஒண்ணே ஒண்ண உட்டு வைம்மா, பூக்கறத பாக்கணும்" என்பேன்.

"மலந்துட்டா வீணாப் போச்சுடி, எவன் வாங்குவான்?" என்று அதையும் கிள்ளிவிடுவாள்.

ஒரு சித்திரையில், நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த அந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். விடிகாலையில் கூடையோடு போனால் சுற்றிலும் முள்கம்பி.

"உள்ள வராதம்மா, என்னைத் திட்டுவாங்க" என்றார் காவல்காரர். அம்மா கம்பியைப் பிடித்தபடி வெயில் ஏறும்வரை அரும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கிள்ளாத அரும்பெல்லாம் ஒன்றாக மலர்ந்தன. வெள்ளை வெளேரென்ற தோட்டத்தைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட ஓடினேன். வாசம் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

"கதவ சாத்துடி" என்றாள் அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "நாத்தம் தாங்கல."