அம்மா பாதியில் நிறுத்திய அமெரிக்கச் சுற்றுலா

நண்பர்களே, காந்திபுரம் பிரௌசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் அம்மாவுக்கு ஒரு சிடி அனுப்பியிருந்தான். அவன் இருக்கும் நகரத்தைக் கம்ப்யூட்டரிலேயே சுற்றிப் பார்க்கலாமாம். வயதானவர்களுக்கு அலைச்சல் மிச்சமாம்.

கடைக்காரர் போட்டுக் காட்டினார். பாலம் வந்தது, பூங்கா வந்தது. மவுஸை நகர்த்தினால் தெரு திரும்பியது.

"ஏனுங்க தம்பி, இதுல எம் பையன் ஊடு எங்கீங்க இருக்குது?"

"ஊடெல்லாம் வராதுங்கம்மா. பெரிய பெரிய எடம் மட்டுந்தானுங்க."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, போன வருசம் விசா எடுக்கறேன்னான். இந்த வருசம் இதை அனுப்பியிருக்கான். இதைப் பாத்துப்போட்டா, அப்பறம் நான் வர வேண்டாம்னு சொல்லிருவானா?"

"அப்படியெல்லாம் இல்லீம்மா" என்றேன். சிடி வந்த அன்றே எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

அடுத்து மியூசியம் வந்தது. அம்மா கையை உயர்த்தினார்.

"போதும், நிறுத்திப்போடுங்க தம்பி. மிச்சத்தை நேர்ல வந்து பாத்துக்கறேன்னு அவனுக்கு எழுதிப்போடு கண்ணு."

அதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படிச் சிடி வந்திருந்தால், பின்னாலேயே டிக்கெட்டும் வந்ததா என்று சொல்லுங்கள்.