அம்மை வடுவை மறைத்த பென்சில்

பாலாற்றில் வெள்ளம் வடிந்த அன்று காலை, வேலூரில் நான் டச்சிங் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓர் ஏட்டு வந்தார். பள்ளிகொண்டா பக்கம் ஓர் ஆணின் உடல் கரை ஒதுங்கியிருக்கிறது, யாரென்று தெரியவில்லை, புதைப்பதற்குள் படம் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் முதலாளி பாய் கேமராவோடு போய் எடுத்து வந்தார். கண்ணாடி நெகடிவை என் மேஜையில் வைத்து, கண் திறந்த மாதிரி செய்யச் சொன்னார். உயிரோடு இருப்பதுபோல் இருந்தால்தான் சொந்தக்காரர்களுக்கு அடையாளம் தெரியும் என்பது அவர் எண்ணம்.

டச்சிங் என்பது நெகடிவின்மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, முகத்தின் பள்ளங்களை நிரப்புவது. பரு, சுருக்கம், தழும்பு எல்லாம் மறைந்துவிடும். கல்யாணப் படத்துக்கு வருகிறவர்கள் அதற்காகவே எங்களைத் தேடி வந்தார்கள்.

அந்த மனிதனுக்கு முப்பது வயது இருக்கும். கன்னமெல்லாம் குழி. ஆற்று மணல் பட்ட காயம் என்று நினைத்தேனா, வெறும் கைப்பழக்கமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நிரப்பினேன். பிரிண்ட் போட்டு, பிரஷ்ஷால் கண்களை வரைந்தேன். நல்ல களையாக இருந்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து வேறு வேலையாக வந்த ஏட்டு, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். மாதனூரிலிருந்து அஞ்சலை என்ற பெண் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தாளாம். அவள் புருஷன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவன்; வெள்ளத்தன்று வீடு திரும்பவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தாளாம். ஜாடை அவரேதான், ஆனால் எங்க வீட்டுக்காரருக்கு முகம் பூரா அம்மை வடு, இவர் வேறு யாரோ என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனாளாம்.

நான் நிரப்பிய குழிகள் அம்மை வடு என்று அப்போதுதான் புரிந்தது. பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"நீயே போய் சொல்லிடு. அந்தப் பொம்பள எத்தினி நாளைக்கு வழிய பாத்துகினு இருப்பா?" என்றார்.

டர்பென்டைன் தொட்ட பஞ்சால் நெகடிவைத் துடைத்தேன். பென்சில் கரைந்து, வடுக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. புதிதாக பிரிண்ட் போட்டு, கண்களை மட்டும் வரைந்துகொண்டு, மறுநாள் ஏட்டோடு மாதனூர் போனேன்.

அஞ்சலை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி மடியில் வைத்து, கன்னத்தை விரலால் தடவினாள்.

"இவருதான்" என்றாள். பிறகு, "அப்போ மொதல்ல காட்னது?"

"அதுவும் இவர்தாம்மா. வடுவெல்லாம் நான்தான் மறைச்சிட்டேன். தப்பு என்னுது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளத்தன்று காலையில் இருவருக்கும் சின்னச் சண்டையாம். கோபத்தில் எங்கோ போயிருக்கிறார், கோபம் ஆறினால் வருவார் என்றே பத்து நாளும் இருந்திருக்கிறாள்.

"அந்த வடுவ ஒரு கொறையாவே நான் நெனச்சதில்ல சாமி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஏட்டு பதிவுக்குப் பெயர் கேட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அப்போது இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏழுமலை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

பள்ளிகொண்டா இடுகாட்டுக்கு அவளோடு நானும் போனேன். அங்கே புதைத்த ஆளிடம் தலை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"தெக்க தாயி. சரியாத்தான் வெச்சேன்" என்றார் அவர்.

அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். நாங்கள் தள்ளி நின்றோம். ஆனாலும் காதில் விழுந்தது.

"ஏழுமலை" என்றாள். "நான்தான் வந்துகீறேன்."

அதற்குப் பிறகும் போலீஸ் படங்கள் பல என் மேஜைக்கு வந்தன. டச்சிங் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதிரே உட்கார்ந்து கேட்கிறவருக்கு எதை வேண்டுமானாலும் மறைத்துக் கொடுங்கள். கேட்க முடியாதவர் முகத்தில் உங்களுக்கு எது குறையாகத் தெரிகிறதோ, அதைத் தேடிக்கொண்டு எங்கோ ஒருத்தி நடந்து வந்துகொண்டிருப்பாள்.