அணுக்கழிவுக்கு ஐந்து நிமிடம்

போன மாதம் ஒரு மாலை, சிட்னியின் தெற்குப் பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி ஹாலில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல குளிர். உள்ளே ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஆனாலும் வியர்வை!

காரணம், என் கையில் இருந்த பேச்சு. ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும். நான் எழுதி வைத்திருந்ததோ அரை மணி நேரத்துக்கு வரும். இந்தப் பத்தியையே ஆசிரியர் வாராவாரம் வெட்டித்தான் போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். எங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஓர் அணு உலை இருக்கிறது. பயப்படாதீர்கள், மின்சாரம் எடுக்கிற பெரிய உலை இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து செய்கிற சின்ன உலை. இரண்டு வருஷத்துக்கு முன் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தபோது அங்கே செய்த மருந்தைத்தான் ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கொஞ்சம் மேலே தள்ளி எடுத்திருந்தால் அங்கேயும் ஒன்றுமில்லை என்றுதான் வந்திருக்கும் என்கிறாள் மனைவி.

மருந்து செய்தால் கழிவு வரும். அதைப் பல தலைமுறைக்குப் பத்திரமாகப் புதைத்து வைக்க வேண்டும். எங்கே? சிட்னியில் ஒருவரும் 'எங்க வீட்டுக் கொல்லையில வைங்க' என்று கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. அதனால் தொலைவில், நாட்டின் உட்பகுதியில், ஆள் குறைவான ஓர் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆள் குறைவு என்பது நம் கணக்கு. அங்கே பூர்வகுடி மக்கள் காலங்காலமாக இருக்கிறார்கள்.

அனுமதி கொடுக்கும் அலுவலகம், 'பொதுமக்களே, கருத்துச் சொல்லுங்கள்' என்றது. சொல்லலாம்... ஆனால் அந்த அறிக்கையைப் படித்தால்தானே? தலையணை உயரம். நான் அதைத் தலையணையாகத்தான் பயன்படுத்தினேன். இதை யோசித்து, மக்கள் தங்களுக்கென்று ஆள் வைத்துப் படித்துப் பார்க்க, சோதனை முயற்சியாக ஒரு பங்கேற்பு நிதி கொடுத்தார்கள். எங்கள் தமிழ்ச் சங்கம் அதில் மெல்பர்ன் கிளேட்டனிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரை வரவழைத்து, அறிக்கையை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கச் சொன்னது. அந்தப் பூர்வகுடி மக்கள் நிலத்தடி நீர் தெரிந்த ஒரு நிபுணரை அமர்த்திக்கொண்டார்கள்.

அந்த நிதியைத் தொடர்வதா, நிறுத்துவதா? அன்றைய கூட்டம் அதற்குத்தான்.

ஆரம்பிக்கும் முன் டீ வரிசையில் டெனிஸைப் பார்த்தேன். பூர்வகுடிப் பெண்மணி. அங்குள்ள கிளினிக்கில் நர்ஸ். என் வயதுதான் இருக்கும். ஊர்க்காரர்களோடு வெகுதூரம் பஸ்ஸில் வந்திருந்தார்.

"எங்களுக்குக் குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும் போர் தண்ணிதான்" என்றார். "அது பூமிக்கடியில எந்தப் பக்கம் ஓடுதுன்னு எங்க ஆள் பாதி பார்த்திருக்கார். நிதி நின்னா வேலையும் நிக்கும்."

"மீதிப் பாதி?"

"புதைக்கிறவங்களே பார்த்துச் சொல்வாங்க. நாங்க நம்பிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நிதி தொடரணும்னு நாங்க கேட்டா, இவங்க எப்பவும் கேக்கறதுதானேன்னு எழுதிப்பாங்க. உங்களை மாதிரி டவுன்காரங்களும் கேக்கணும். கேப்பீங்கதானே?"

"கண்டிப்பா" என்றேன். வியர்வை ஆரம்பித்தது அப்போதுதான்.

கூட்டம் தொடங்கியது. அலுவலகத்தின் தலைவர் ஒரு கார்டை எடுத்து, 'இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் அவர்கள் முன்னோருக்கும் மரியாதை செலுத்துகிறேன்' என்று படித்தார். ரயில் நிலைய அறிவிப்பின் குரல். பிறகு விதிமுறை: ஒவ்வோர் அமைப்புக்கும் ஐந்து நிமிடம். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒரு நிமிடம் பாக்கி. சிவப்பு எரிந்தால் மைக் அணைந்துவிடும்.

முதலில் எங்கள் சங்கம். எழுந்தேன். தோளில் ஒரு கை அழுத்தி உட்கார வைத்தது. சங்கச் செயலாளர் சிவம் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர்.

"இரும் தம்பி. வரவேற்புரை இல்லாமல் கூட்டமோ?"

"அண்ணே, இது அவங்க கூட்டம். அவங்கதான் நம்மள வரவேற்கணும்."

"அது அவையின்ர முறை. எங்கட சங்கத்துக்கு எண்டு ஒரு முறை இருக்கெல்லோ? ஒரு நிமிசம்தான். நீர் பயப்பிடாதையும்."

மைக்கைப் பிடித்தார். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே... மேடையில் வீற்றிருக்கும் அதிகாரிகளே... எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனால் அச்சு அசல் நம் ஊர் மேடை. ஒவ்வொருவர் பெயரையும் பட்டத்தோடு சொன்னார். டீ போட்டவரையும் விடவில்லை. அடுத்து பையிலிருந்து பொன்னாடையை உருவினார்!

கதிர்வீச்சுக்கு அஞ்சாத தலைவர், சரிகையைக் கண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அதிகாரிகள் பரிசு வாங்கக் கூடாதாம். சிவம் அண்ணன் விடுகிற ஆளா? போர்த்திவிட்டுத்தான் ஓய்ந்தார். உதவியாளர் ஓடி வந்து அதை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, லைட் ஏன் மஞ்சளாப் போச்சுது? நான் உம்மை இன்னும் அறிமுகம் செய்யேல்லை."

செய்தார். என் படிப்பு, என் வேலை, இந்தப் பத்தி, என் மகள் பரதநாட்டியம் ஆடுவது... கடைசியில் நான் மைக்கில் வாயை வைத்தபோது சிவப்பு எரிந்தது.

மைக் செத்துவிட்டது. கேட்க வந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் போச்சு. டெனிஸ் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை.

அடுத்து அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஒரு சந்தேகம்" என்றார் டெனிஸ். "ஆரம்பத்துல எங்க முன்னோருக்கு மரியாதை செலுத்தினீங்களே, அந்த நேரம் யார் கணக்கு?"

தலைவர் விழித்தார். "அது... எல்லாக் கூட்டத்திலும் செய்வதுதான்."

"எங்க பேரைச் சொல்லிச் செலவு பண்ணின நேரம். அப்ப எங்களோடது. அதை இந்த மனுஷனுக்குக் குடுங்க. இந்தக் குளிர்ல இப்படி வியர்த்து நிக்கிறவர் ஏதோ சொல்லத்தான் வந்திருக்கணும்."

ஹால் சிரித்தது. தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். விளக்கு பச்சையானது.

மைக்கைப் பிடித்த அவசரத்தில் பேச்சுத் தாள்கள் தரையில் பறந்தன. நல்லதாகப் போயிற்று. "என் கழுத்துக்கு வந்த மருந்தோட மிச்சம் இவங்க தண்ணிக்குப் பக்கத்துல போகப் போகுது. நான் நல்லா இருக்கேன். இவங்க நல்லா இருப்பாங்களான்னு இவங்களே பார்த்துத் தெரிஞ்சுக்க நிதி வேணும். நிறுத்தாதீங்க." அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு. ஆங்கிலத்தில் இன்னும் மோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு டெனிஸ் தன் ஐந்து நிமிடத்தையும் தண்ணீருக்கே செலவழித்தார். விளக்குப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெளியே வந்ததும் சிவம் அண்ணன் என் காதில், "தம்பி, நன்றியுரை விட்டுப்போச்சுது" என்று கவலைப்பட்டார்.

அவரைக் கேலி செய்தபடிதான் வீட்டுக்கு வந்தேன். யோசித்தால், அவர் போர்த்தினார், தலைவர் கார்டு படித்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமா? மரியாதை செய்ய ஒரு சரிகைத் துணியோ ஒரு கார்டோ போதும். ஒருவர் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால்தான் பஸ் வேண்டும், நிபுணர் வேண்டும், அவர் முடிக்கும்வரை பொறுமை வேண்டும். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வாரம் சிவம் அண்ணன் போன் செய்தார். அலுவலகத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறதாம். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு பெட்டி. உள்ளே மடிப்புக் கலையாமல் பொன்னாடை. அன்புக்கு நன்றி, விதிப்படி திருப்பி அனுப்புகிறோம் என்று ஒரு சீட்டு. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன், நிதியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அங்கே நிபுணர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று டெனிஸ் நேற்றும் மெசேஜ் அனுப்பியிருந்தார். என்ன பதில் போட?

தெரிந்தது ஒன்றுதான். பொன்னாடையைக் கூரியரில் திருப்பி அனுப்ப அவர்களிடம் நிதி இருந்திருக்கிறது.