அக்கா சொன்ன சாரி

எங்கள் பக்கம் சாரி என்ற சொல் ரொம்ப மலிவு. பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி. கடையில் சரக்கு தீர்ந்தால் சாரி. பாசார் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வழி கேட்பவரும் சாரி என்றுதான் சொல்வார். வீட்டு மனிதர்களுக்குள் மட்டும் அது புழங்குவதில்லை. தப்பு செய்தவர் பேசாமல் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார். அதோடு தீர்ந்தது.

அதனால், டுரியான் துங்காலில் என் வீட்டு வாசலில் பழத்தட்டோடு நின்ற அக்கா, "தம்பி, பழசுக்கெல்லாம் சாரிலா," என்றபோது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பழசு என்பது இருபது வருஷத்துக்கு முந்தியது. கோலா சுங்கை பாருவிலிருந்து என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் பெண்ணோடு வந்திருந்தார்கள். கூச்சத்தில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

"இவன் வாயத் தொறக்கறத பாக்கணும்னா டிக்கெட் வாங்கணும். போம் பைவு பரீட்சையும் பெயிலு. பொண்ணுதான் பேசிப் பொழைக்கணும்," என்று அக்கா சிரித்தாள். வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவர்கள் பிறகு வரவில்லை. வேறு யாரையும் பார்க்க நான் சம்மதிக்கவில்லை.

இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு மேடைக்கு அழைத்துப் போகவேண்டும். அவளுக்கு இருக்கும் ஒரே மாமன் நான்.

"நீ வரலன்னா மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி எம்பொண்ணு தனியா நிக்கணும்டா. வருவியா?"

"ஓகே."

"ஓகே என்னாடா ஓகே? வரேன்னு சொல்லு."

"வரேன்க்கா."

தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். அப்படி வாங்கினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டீ போடவில்லை.

அவள் போனதும் சாரி என்ற சொல்லைப் போனில் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் புண், வலி என்பதிலிருந்து வந்ததாம். சொல்கிறவருக்கு வலித்திருக்க வேண்டும். அக்காவுக்கு எங்கே வலித்தது? மேடைக்கு ஒரு மாமன் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வலிக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்தன்று வேட்டி கட்டி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண், என் மருமகள், போனில் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க இருக்கீங்க? ரோட்டுல ஜேம்மா? ஐயர் அவசரப்படுத்தறாரு."

வரவில்லை என்று சொன்னால் வேறு ஆளைத் தேடிவிடுவார்கள்.

"பாயா ரும்புட் கிட்ட வந்துட்டேன்மா."

"சரி மாமா, மெதுவா வாங்க. நீங்க வர்ற வரைக்கும் போகமாட்டேன்னு சொல்லிட்டேன்."

போனை அடைத்தேன்.

முகூர்த்தம் முடியப்போகும் வரை அவள் வாசலைப் பார்த்து நின்றாளாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், "மாமன்னு ஒருத்தரு நெசமாவே இருக்காரா?" என்று சிரித்தார்களாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் மாலை போட்டார்.

அக்கா வந்து திட்டுவாள் என்று மறுநாள் முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. போனைத் திறந்தபோது மருமகளிடமிருந்து ஒரு செய்திதான் இருந்தது.

"மாமா, வழியில உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இன்னும் பதில் போடவில்லை.